கேள்வி பதில்: மானிட்டரும் வாரண்டியும்

சாட்ஸ்வொர்த் வாசகர்: புது மானிட்டர். விளக்கு எரிகிறது, ஆனால் ‘சிக்னல் இல்லை’ என்று காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. பழுதா?

அநேகமாக இல்லை. கணினியின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை, அதாவது படம் அனுப்பும் கேபிளைச் செருகும் துளை, இரண்டு இடங்களில் இருக்கலாம். யூஎஸ்பி துளைகளோடு சேர்ந்திருப்பது மதர்போர்டு என்னும் முதன்மைப் பலகையினுடையது. அதற்குக் கீழே தனியாக இருப்பது, படத்தை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டினுடையது. கார்டு இருந்தால் கேபிளை அதில்தான் செருக வேண்டும். அப்படியும் படம் வராவிட்டால் மானிட்டர் மெனுவில் இன்புட்டை, அதாவது படம் எந்தத் துளை வழியாக வருகிறது என்பதை, மாற்றிப் பாருங்கள்.

பீனிக்ஸ் தம்பி: 144 ஹெர்ட்ஸ் என்று வாங்கினேன், 60தான் காட்டுகிறது.

ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை புதிதாகிறது என்ற கணக்கு. விண்டோஸில் மேம்பட்ட டிஸ்பிளே அமைப்புக்குப் போய் நீங்களே மாற்ற வேண்டும். பட்டியலில் 144 இல்லையென்றால், படம் அனுப்பும் இன்னொரு வகையான டிஸ்பிளேபோர்ட் கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அம்மா: வாங்கி நான்கு மாதம். திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. கடைக்காரர் தயாரிப்பாளரிடம் போகச் சொல்கிறார்.

போகாதீர்கள் அம்மா. நமது தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56 உங்கள் பக்கம். பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். அனுப்பும் செலவும் அவருடையது. பழுது நீக்குவதா, மாற்றித் தருவதா, பணம் தருவதா என்பதை முடிவு செய்பவர் நீங்கள். பழுது பார்த்துத் தந்த பிறகு மூன்று மாதத்துக்குள் மீண்டும் கெட்டால், மாற்றியோ பணமாகவோ தந்தே ஆக வேண்டும். கடை மறுத்தால் நுகர்வோர் பொருள், சேவை குறைதீர்ப்பாளரிடம் புகார் எழுதுங்கள். ரசீதை இன்றே படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தால் அச்சாகும் அந்தத் தாள், டர்பன் வெயிலில் காருக்குள் கிடந்தால் எழுத்தெல்லாம் மறைந்துவிடும்.

டர்பன் கடைக்காரர்: ஐயா, நீங்கள் வாடிக்கையாளர்களைத் தூண்டிவிடுகிறீர்கள். திரையில் ஒரு புள்ளி (பிக்சல்) செத்ததற்கெல்லாம் பணம் திருப்பினால் நாங்கள் கடையை மூட வேண்டியதுதான்.

புள்ளி விஷயத்தில் பாதி நியாயம் உங்களுக்கு. ஐஎஸ்ஓ 9241-307 என்ற சர்வதேசத் தரமே புள்ளிக் குறைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்கிறது. பல தயாரிப்பாளர்கள் ஒன்றிரண்டை அனுமதிக்கிறார்கள். ஆனால் அந்த அம்மா கேட்டது கோட்டைப் பற்றி. அது புள்ளிக் கணக்கில் சேராது.

அதே கடைக்காரர்: மின்வெட்டு முடிந்து மின்சாரம் பாய்ந்து வரும்போது கெட்டிருந்தால்? அதற்கும் நானா பொறுப்பு?

இல்லை. கீழே விழுந்து உடைந்ததற்கும் நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் கருகியிருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பொருளைத் தொடாமலே ‘மின்சாரக் கோளாறு’ என்று ரசீதின் பின்னால் எழுதிக் கொடுப்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: மின்சாரம் போனவுடன் பிளக்கைப் பிடுங்குங்கள், வந்து சில நிமிடம் கழித்துச் செருகுங்கள்.

டோங்காட்: ‘சிக்னல் இல்லை’ என்று வருகிறது...

சாட்ஸ்வொர்த்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

லெனேசியா: 4கே மானிட்டரில் மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகர்கிறது.

30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது போலும். எச்டிஎம்ஐயின் பழைய 1.4 பதிப்பு வழியாக 4கே என்னும் மிகக் கூர்மையான படம் அவ்வளவுதான் வரும். 60 வேண்டுமானால் கணினி, கேபிள், மானிட்டர் மூன்றுமே எச்டிஎம்ஐ 2.0க்குத் தகுதியாக இருக்க வேண்டும்.

நியூகாசில்: தொலைக்காட்சியில் ஒலி வரவில்லை.

என் துறை அல்ல. ரசீது இருக்கிறதா?

வெருலம்: மடிக்கணினியின் யூஎஸ்பி-சி துளையில் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, படம் வரவில்லை. மானிட்டரைத் திருப்பிவிடலாமா?

வேண்டாம். எல்லா யூஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது. மடிக்கணினியின் மாடல் எண்ணைப் போட்டு, அந்தத் துளைக்கு டிஸ்பிளேபோர்ட் வசதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று வாங்குங்கள், போதும்.