விமானம் ஏறினால் வீடு போய்விடுமா?

மெல்பர்ன் வந்து எட்டு மாதம் ஆகிறது, அடுத்த மாதம் சிங்கப்பூரில் அக்கா வீட்டில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், ஏழு வயது மகளோ விமானத்தில் ஏறவே மாட்டேன் என்று அழுகிறாள், நான் மட்டும் போய் வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. வேண்டாம், கூட்டிக்கொண்டே போங்கள். ஆனால் அதற்கு முன்னால் அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று கண்டுபிடியுங்கள். காது வலிக்கும், குலுங்கும் என்று சொல்வதெல்லாம் உண்மைதான். அதற்கும் அடியில் வேறொன்று இருக்கலாம்.

2009இல் கோலாலம்பூரில் என் தம்பி கல்யாணம். நாங்கள் இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகளுக்கு ஆறு வயது. டிக்கெட் போட்ட நாளிலிருந்து ராத்திரி ஆனால் வயிற்றுவலி. நான் விமானம் எப்படிப் பறக்கிறது என்று படம் போட்டு விளக்கினேன், எஞ்சினீயர் புத்தி. ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒருநாள் பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போது பின்னால் வந்து நின்று கேட்டாள்: "அப்பா, இந்த வீட்டு ஃப்ரிட்ஜை யாருக்குக் குடுக்கப் போறோம்?"

அப்போதுதான் உறைத்தது. சென்னையில் மடிப்பாக்கம் வீட்டைக் காலி செய்தபோது கட்டில், பீரோ, அவளுடைய மூன்று சக்கர சைக்கிள் என்று ஒவ்வொன்றாக ஆள் வந்து தூக்கிக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்தவள் அவள். கடைசியில் ஃப்ரிட்ஜ் போனது. மறுநாள் விமானம். அவளுக்குத் தெரிந்த ஒரே விமானப் பயணம் அதுதான். ஏறினால் வீடு போய்விடும், பாட்டி போய்விடுவாள். அவள் கணக்கில் தப்பே இல்லை.

ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டினோம், அது அவளுக்கு வெறும் காகிதம். சாப்பாட்டு மேஜையில் ஒரு ஜிக்சா படத்தைப் பாதி அடுக்கி அப்படியே விட்டோம். பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பாட்டியிடம் சாவியை அவள் கையாலேயே கொடுக்க வைத்து, கறிவேப்பிலைத் தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்று அவளையே சொல்லவும் வைத்தோம். அன்று ராத்திரி வயிற்றுவலி இல்லை. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். விமான நிலையத்தில் கொஞ்சம் அழுதாள். அழட்டும், பாதகமில்லை.

காது விஷயம் சுலபம். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே விமானம் கீழே இறங்கத் தொடங்கிவிடும், கேபினுக்குள் காற்றழுத்தம் கூடும். தூங்குகிற பிள்ளை அடிக்கடி விழுங்காது, அதனால்தான் காது அடைத்து வலிக்கிறது. அப்போது எழுப்பி, ஸ்ட்ரா போட்டு ஏதாவது குடிக்கக் கொடுங்கள். புளிப்பு மிட்டாயும் நல்லது. சூயிங்கம் மட்டும் வேண்டாம், சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை. சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே ஜிபியிடம், அதாவது உங்கள் குடும்ப மருத்துவரிடம், காட்டிவிடுங்கள். குலுக்கலுக்குப் பயந்தால் இறக்கைப் பக்கத்து இருக்கை பரவாயில்லை. பயணம் ஏறக்குறைய எட்டு மணி நேரம்தான்.

அப்புறம், விழாவில் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். சல்லடை வழியாகத் தாத்தா பாட்டி தலையில் கலசத் தண்ணீர் ஊற்றுவார்களே, "உனக்கு ஒரு சொம்பு எடுத்து வைத்திருக்கிறேன்" என்று பாட்டியையே வீடியோ காலில் சொல்லச் சொல்லுங்கள். சாங்கி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் ஜுவல் என்ற வணிக வளாகத்துக்குள் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் நீர்வீழ்ச்சி இருக்கிறது, அதையும் இப்போதே சொல்லிவைக்கலாம்.

உங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் மகளுக்கும் சேர்த்து விசா வேண்டும், சிங்கப்பூரில் இருக்கும் அக்காவிடம் இப்போதே பேசுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்டால் போலித் தளம். உங்கள் ஆஸ்திரேலிய விசாவில் திரும்ப நுழைய அனுமதி இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது அக்கா தாம்பூலப் பையைக் கையில் திணிப்பார். வெற்றிலை, பூ, தேங்காய் எல்லாவற்றையும் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். பட்சணம் மட்டும் கொண்டுவருவதென்றால் ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது நிரப்பும் பயணி அட்டையில் உணவு என்ற இடத்தில் மறக்காமல் 'ஆம்' என்று குறியுங்கள். நான் ஒரு லட்டுப் பொட்டலத்தை மறந்து அரை மணி நேரம் நின்றிருக்கிறேன்.