பிளேயரையும் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

கார் மின்சாரம், ஒலி பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கோவையில் கார் எலெக்ட்ரிக்கல் பட்டறை நடத்துபவர் தரும் பதில்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கையடக்கப் பாட்டுப் பிளேயரைக் காரில் இணைப்பது பற்றியவை.

கேள்வி: என் மகன் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கித் தந்த 160 ஜிபி ஐபாட் கிளாசிக் என்னிடம் இருக்கிறது. அது நிறையக் கர்நாடக இசைக் கச்சேரிகள். காரில் இருந்த பழைய சிடி செட் பழுதாகிவிட்டது. கடைக்காரர் 9 அங்குல ஆண்ட்ராய்டு திரை வைத்த செட்டைக் காட்டி, “ப்ளூடூத், யூஎஸ்பி எல்லாம் இருக்கிறது, எதுவும் பாடும்” என்கிறார். வாங்கலாமா?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. கடைக்காரர் திரையைக் காட்டி விற்கிறார். நீங்கள் ஐபாடின் அடியில் இருக்கும் அகலமான துளையைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஐபாட் கிளாசிக்கில் ப்ளூடூத் கிடையாது. அதனால் செட்டில் ப்ளூடூத் இருந்தும் உங்களுக்கு லாபமில்லை. மிஞ்சுவது யூஎஸ்பி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விலை குறைந்த திரை செட்டுகளில் பல, ஐபாடைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. சில செட்டுகள் அதைப் பென்டிரைவ் என்று நினைத்துத் திறந்து பார்க்கும். அப்போது உங்களுக்குக் கிடைப்பது கச்சேரிப் பட்டியல் அல்ல. ஐபாட் தன் பாட்டுகளை எஃப்00, எஃப்01 என்று போகும் மறைவான ஃபோல்டர்களில், நான்கெழுத்துப் பெயர்களில் கலைத்துப் போட்டு வைத்திருக்கும். எது தோடி, எது மோகனம் என்பது அதனுடைய தனிக் குறிப்பேட்டுக்குத்தான் தெரியும். அந்தக் குறிப்பேட்டைப் படிக்கத் தெரிந்த செட்டுகள் உண்டு. பயோனியர், கென்வுட், ஆல்பைன், சோனி போன்ற நிறுவனங்கள் வெளியிட்டிருக்கின்றன. ஆனால் பெட்டியின் மேல் ஐபாட் படம் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கையேட்டின் பின்பக்கத்தில் எந்தெந்த ஐபாட் மாடல் பாடும் என்ற பட்டியல் இருக்கும். அதில் கிளாசிக் என்ற பெயர் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஆப்பிள் 2014-இல் கிளாசிக்கை நிறுத்தியது, 2022-இல் ஐபாட் வரிசையையே முடித்துக்கொண்டது. புதிய செட்டுகளின் பட்டியலில் அது இல்லாமல் போவதில் வியப்பில்லை.

உங்களுக்கு நான் சொல்வது வேறு வழி. முன்பக்கத்தில் ஆக்ஸ் துளை (வெளிப் பிளேயரின் ஒலியை ஒயர் வழியாக வாங்கும் துளை) உள்ள, பெயருள்ள கம்பெனியின் சாதாரண சிங்கிள் டின் செட், அதாவது பெரிய திரையில்லாத ஒற்றை உயர செட், போதும். ஐபாடின் ஹெட்போன் துளையிலிருந்து ஆக்ஸுக்கு ஒயர் போடுவதுதான் எல்லோரும் செய்வது. அதைவிட நல்லது, அடியில் இருக்கும் 30 பின் துளையில் செருகும் லைன் அவுட் கேபிள். ஐபாடின் வால்யூம் அந்த வழியைத் தொடாது, உள்ளே இருக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரும் குறுக்கே வராது. ஒலி சுத்தமாக வரும். ஹெட்போன் துளைதான் கிடைக்கிறது என்றால், ஐபாடின் வால்யூமை முக்கால் அளவுக்குச் சற்று மேலே வைத்துவிட்டு, கூட்டுவதும் குறைப்பதும் செட்டில் செய்யுங்கள். ஐபாடைத் தாழ்த்தி செட்டை ஏற்றினால் மிருதங்கத்தோடு இரைச்சலும் ஏறும். அதே நிலையில் எஃப்எம்முக்கு மாற்றினீர்களானால் விளம்பரக்காரர் காதைக் கிழிப்பார்.

ஆக்ஸில் ஒரு குறை உண்டு. செட்டின் பொத்தானை அழுத்திப் பாட்டை மாற்ற முடியாது, ஐபாடின் சக்கரத்தைத்தான் திருக வேண்டும். கச்சேரி கேட்பவருக்கு அது பெரிய குறையல்ல. ஒரு ராகம் தானம் பல்லவி போட்டால் திருச்சியே வந்துவிடும். ஓட்டும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஆலாபனை ஒரு ஃபைல், கிருதி ஒரு ஃபைல் என்று பிரித்து வைத்த கச்சேரியை ஐபாட் கிளாசிக் இடைவெளி விடாமல் தொடர்ந்து பாடும். பல கார் செட்டுகள் ஒவ்வொரு ஃபைலுக்கும் நடுவில் ஒரு நொடி விழுங்கும். சிறுகதை கேட்பவருக்குப் பரவாயில்லை, உங்களுக்கு எரிச்சல் வரும்.

கடைக்கு ஐபாடையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு போங்கள். தம்புரா மட்டும் ஒலிக்கிற ஓர் ஆலாபனைத் தொடக்கத்தைப் போடச் சொல்லுங்கள். இன்ஜினை ஓடவிட்டுக் கேளுங்கள். கடைக்காரர்கள் எப்போதும் டமாரம் அடிக்கும் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார்கள். அதில் எந்தக் குறையும் தெரியாது.

கடைசியாக, அந்தப் பிளேயருக்குள் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். உபயோகத்தில் இல்லாதபோதும் 45 டிகிரிக்கு மேல் அதை வைக்கக்கூடாது என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் அந்த அளவைச் சீக்கிரமே தாண்டிவிடும். இறங்கும்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கேள்வி: ஆக்ஸ் ஒயரில் பிளேயர் நன்றாகப் பாடுகிறது. ஆனால் சார்ஜரில் போட்டால் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது. செட்டை மாற்ற வேண்டுமா?
— ஜவுளி வியாபாரி, சேலம்

பதில்: செட்டின் மேல் பழி போடாதீர்கள். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குவது ஆல்டர்னேட்டரின் குரல். பிளேயருக்கு எர்த் இரண்டு வழியாகப் போகிறது: சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் ஒயர் வழியாக இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது. ஆல்டர்னேட்டரின் அலை அந்த வளையத்தில் ஏறிப் பாட்டோடு கலக்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் நிற்பதே அதற்குச் சாட்சி.

முதலில் காசு செலவில்லாத வேலை. செட்டின் கறுப்பு ஒயர் எங்கே முடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெயிண்ட் அடித்த தகட்டின் மேல் திருகு வைத்திருந்தால், அதைக் கழற்றி, தகடு பளபளக்கும்வரை சுரண்டிவிட்டு மறுபடி முடுக்குங்கள். அதோடு நிற்கவில்லை என்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேளுங்கள். கட்டைவிரல் அளவுள்ள டப்பா, உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். ஆக்ஸ் ஒயரின் நடுவில் செருகிவிட்டால் பாட்டு போகும், எர்த் போகாது. மட்டமானதை வாங்கினால் அடித்தொனி மெலிந்துவிடும். அதையும் கேட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: அப்பாவிடம் பழைய பாடல்கள் நிரப்பிய பாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் ப்ளூடூத் இருக்கிறது, காரிலும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கின்றன, சேரவில்லை.
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: சேராது அம்மா. இவ்வகைப் பெட்டிகளில் பலவற்றில் ப்ளூடூத் வைத்திருப்பது, போனிலிருந்து பாட்டை வாங்கித் தான் பாடுவதற்கு. கார் செட்டும் அப்படித்தான், வாங்கும், கொடுக்காது. கொடுக்க ஆளில்லாத இடத்தில் வாங்க இருவர் நிற்கிறார்கள். பெட்டியில் ஹெட்போன் துளை இருந்தால் அதிலிருந்து காரின் ஆக்ஸுக்கு ஓர் ஒயர் போடுங்கள். துளை இல்லையென்றால் பெட்டியைப் பின் சீட்டில் வைத்து அப்படியே பாடவிடுங்கள். அப்பா மறுப்பு சொல்லமாட்டார்.

கேள்வி: ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர் வைத்திருக்கிறேன். யூஎஸ்பியில் செருகினால் செட் எதையும் காட்டவில்லை. அதன் மெமரி கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டுச் செருகினாலும் இல்லை. எல்டாக் வசதி உள்ள செட் வாங்கினால் சரியாகுமா?
— மென்பொருள் ஊழியர், ஓசூர்

பதில்: மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு கருவிகள் யூஎஸ்பியில் பென்டிரைவாக நடந்துகொள்வதில்லை, எம்டிபி என்ற வேறு முறையில் பேசுகின்றன. அந்த முறை தெரியாத செட் அதைப் பார்க்காது. கார்டு விஷயம் வேறு. கார்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகள் பல. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபாட் என்ற முறையில்தான் விற்பனைக்கு வருகின்றன. கார் செட்டுகளில் பல ஃபாட்32 என்ற பழைய முறையைத் தவிர வேறொன்றும் படிக்காது. 32 ஜிபி கார்டு ஒன்றை ஃபாட்32-ஆக ஃபார்மேட் செய்து முயலுங்கள். பாட்டுகளை ஆல்பம் ஆல்பமாக, பாடவேண்டிய வரிசையிலேயே ஏற்றுங்கள். சில செட்டுகள் பெயர் வரிசையைப் பார்ப்பதே இல்லை, கார்டில் எது முன்னால் எழுதப்பட்டதோ அதைத்தான் முதலில் பாடும்.

எல்டாக் என்பது ப்ளூடூத்தில் கூடுதல் தரத்தோடு அனுப்பும் முறை. பிளேயர், செட் இரண்டிலும் இருந்தால்தான் வேலை செய்யும். ஒன்றில் இல்லையென்றால் இரண்டுக்கும் பொதுவான எஸ்பிசி போன்ற முறைக்கு இறங்கிவிடும். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் டயர் போடும் சத்தத்துக்கு நடுவே அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் காது எனக்கில்லை. அந்தப் பணத்தில் கதவில் இருக்கும் ஸ்பீக்கரை மாற்றுங்கள்.

கேள்வி: புது செட் போட்டதிலிருந்து, சாவியை அணைத்தால் கடிகாரம், ப்ளூடூத் ஜோடி எல்லாம் மறந்துவிடுகிறது.
— டாக்ஸி ஓட்டுநர், திருநெல்வேலி

பதில்: மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. மஞ்சளுக்கு எந்நேரமும் 12 வோல்ட் வேண்டும், நினைவு அதில்தான் நிற்கிறது. சிவப்பு சாவியோடு வந்து சாவியோடு போகும். சில கார்களின் கப்ளரிலேயே (செட்டின் ஒயர்களைச் செருகும் இணைப்பியிலேயே) இவை மாறியிருக்கும். அதற்காகவே நல்ல செட்டுகளின் ஒயரில் கழற்றி மாட்டும் இணைப்பு வைத்திருப்பார்கள், மாற்றிச் செருகினால் போதும். கம்பெனி ஒயரை வெட்டி டேப் சுற்றியிருந்தால் மட்டும் போட்டவரிடமே திரும்பப் போய், உங்கள் காருக்குரிய கப்ளரை வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கிச் சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் செட் மாற்றும் செலவு மிச்சம்தானே?
— வாசகர், சென்னை

பதில்: உங்கள் ஊரில் 93.5, 98.3, 106.4 என்று வரிசையாக நிலையங்கள் உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் காலியான இடம் தேடிப் பிடித்தாலும் அது செங்கல்பட்டு தாண்டும்போது காலியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. செட்டில் ஆக்ஸும் ப்ளூடூத்தும் இல்லாத காருக்கு அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கேசட் செட் நல்ல நிலையில் இருக்கும் பழைய அம்பாசடர் என்றால் அதுகூட வேண்டாம், கேசட் வடிவ அடாப்டரே மேல். அதன் சிறு காந்தத் தலை செட்டின் தலையோடு நேராக ஒட்டி நிற்பதால் வானொலியின் தொந்தரவு இல்லை. ஆட்டோ ரிவர்ஸ் செட்டாக இருந்தால் சில அடாப்டர்களில் நாடா முடிந்துவிட்டது என்று நினைத்துப் பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும், வாங்கும்போதே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பெட்டியில் 4 x 50 வாட் என்று போட்டிருக்கிறதே, உண்மையா?
— பெயர் குறிப்பிடாத வாசகர், ஈரோடு

பதில்: 14.4 வோல்ட்டில் ஓடும் சாதாரண செட், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாமல் தரக்கூடியது கணக்குப்படியே 26 வாட்டுக்கு மேல் போகாது. 50 என்பது உச்சக் கணக்கு. ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண்ணை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய அளவை, கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.