மருத்துவச்சிகிட்ட கேக்க வேண்டிய கேள்வி

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயசு, தலைப்பிரசவம், இப்போ 6ஆம் மாசம். ஆஸ்பத்திரி போனாலே சிசேரியன் பண்ணிடுவாங்கன்னு பயமா இருக்கு. வீட்டுக்கே வந்து பிரசவம் பாக்குற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, இதுவரை யாருக்கும் எதுவும் ஆனதில்லன்னு சொல்றாங்க. நம்பலாமா?

பதில்: உங்க பயம் சும்மா வந்ததில்லம்மா. 2019-21 தேசிய குடும்பநல சர்வேல தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல 45 சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிய மட்டும் எடுத்தா 64 கிட்ட வருது, டாக்டரா இத சொல்ல எனக்கே கூச்சமாதான் இருக்கு. அதுக்காக வீட்ல பெத்துக்கோங்கன்னு சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்துல வீட்டுக்கு வர்ற மிட்வைஃப், அதாவது மருத்துவச்சி, எல்லாரும் படிச்சு பதிவு பண்ணவங்க, அவசரம்னா ஆம்புலன்ஸ் வரும். அப்படியிருந்தும் 2011ல அங்க வந்த பெரிய ஆய்வுல, எந்த சிக்கலும் இல்லாத தாய்மார்கள்லயே, தலைப்பிரசவத்த வீட்ல வெச்சுக்கலாம்னு இருந்தவங்களுக்கு 1000ல 9 குழந்தைக்கு பெரிய பிரச்சினை, ஆஸ்பத்திரின்னு இருந்தவங்களுக்கு 5. ரெண்டாவது பிரசவத்துக்கு மேல இந்த வித்தியாசம் தெரியல. உங்களுக்கு இதுதான் முதல்.

மிட்வைஃபே வேணாம்னு சொல்லல. நல்ல மிட்வைஃப் பக்கத்துல இருந்தா வலிய தாங்குறது பாதி லேசு, எனக்கு பிரசவம் பாக்க கத்துக் குடுத்ததே ஒரு சீனியர் நர்ஸம்மாதான். நம்ம ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல சாதாரண பிரசவத்த பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான் பாக்குறாங்க. ஆனா யாரா இருந்தாலும் நர்சிங் கவுன்சில்ல பதிவு இருக்கான்னு கேளுங்க, கேட்டா கோவப்படுறவங்க வேணவே வேணாம்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி, "எந்த நிலைமையில என்னை டாக்டர்கிட்ட அனுப்புவீங்க?" தெரிஞ்சவங்கன்னா உடனே அடுக்குவாங்க, பிபி 140/90 ஆச்சுன்னா, குழந்தை துடிப்பு 110க்கு கீழ போச்சுன்னா, பனிக்குடத் தண்ணி பச்சையா உடைஞ்சா, குழந்தை பொறந்தப்புறம் நஞ்சுக்கொடி அரை மணி நேரமா வெளிய வரலன்னா, எந்த ஆஸ்பத்திரி, போக எத்தன நிமிஷம்னு. "அதெல்லாம் எனக்கு வந்ததே இல்லமா"ன்னு சொன்னாங்கன்னா அங்கயே எந்திரிச்சு வந்துடுங்க, நிறைய பிரசவம் பாத்த யாரும் அப்படி சொல்லவே முடியாது.

நான் ரொம்ப பயப்படுறது ரத்தப்போக்குக்குத்தான். குழந்தை நல்லபடியா பொறந்து எல்லாரும் ஸ்வீட் குடுத்துட்டு இருக்கும்போது கர்ப்பப்பை சுருங்காம ரத்தம் கொட்ட ஆரம்பிக்கும், ரெண்டு மணி நேரத்துல உயிரே போயிடலாம். அதுக்குத்தான் குழந்தை பொறந்த உடனே கர்ப்பப்பைய சுருங்க வைக்கிற ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போடுறோம், அந்த மருந்து ஃப்ரிட்ஜ்ல 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ஹேண்ட்பேக்ல போட்டு வெயில்ல கொண்டு வந்தா வீரியம் போயிடும். அந்தம்மா எப்படி கொண்டு வர்றாங்கன்னு கேட்டுப் பாருங்க. இதே மருந்த குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே ஊசியா குத்தி "வலிய ஏத்தி விடுறேன்"னு கிளம்புறவங்களும் இருக்காங்க, கர்ப்பப்பையே கிழிஞ்சிடும்மா. வயித்த மேலேர்ந்து அமுக்குறதும் அப்படித்தான்.

அதனால ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் கைக்கெட்டுற ஆஸ்பத்திரியா, ஆனா அவசரப்படாத ஆஸ்பத்திரியா தேடுங்க. சுகப்பிரசவம் எத்தன சதவீதம், வலி வரும்போது நடக்க விடுவீங்களா, எல்லாருக்கும் பிறப்புவாய வெட்டி தையல் போடுவீங்களான்னு தயங்காம கேளுங்க. கூட ஒரு பொம்பள துணைய லேபர் ரூமுக்குள்ள விடுவாங்களான்னும் கேளுங்க, அரசு ஆஸ்பத்திரில அதுக்கு அனுமதி உண்டு. அம்மாவோ மாமியாரோ, உங்களுக்கு யார் இருந்தா தைரியமோ அவங்கள இப்பவே சொல்லி வெச்சிடுங்க.