உணர்ச்சி இல்லாத தோல் படைக்கு டியூப் மருந்து பூச வேண்டாம்

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். கொழுந்து பறிக்கும் அம்மாவின் வலது முன்கையில் வெளிறிய படை ஒன்று எட்டு மாதமாக இருக்கிறது. அரிப்பில்லை, வலியில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் தேமல் என்று மருந்து கொடுத்தார்கள். பிறகு டவுன் பாமசியில் ஒரு டியூபும் சின்ன வெள்ளை மாத்திரையும் வாங்கினார்கள். கொஞ்சம் மங்கிவிட்டு மறுபடி வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் கண்டியில் லேசர் பிடித்து எடுக்கலாம், முற்பணம் தாருங்கள் என்கிறாராம். "கிளினிக்குக்குப் போனால் கையை வெட்டிப் பார்ப்பார்கள் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்கிறார். கடிதத்தின் அடியில் போகிற போக்கில் இன்னொரு வரி: ரொட்டிக்கல்லில் கை பட்டுக் கொப்புளம் வந்தது அம்மாவுக்குத் தெரியவே இல்லை.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். தேமலில் தொடு உணர்ச்சி போகாது. உணர்ச்சி போன வெளிறிய படை என்றால் முதலில் தொழுநோயா என்று பார்த்தாக வேண்டும். அதுதான் என்று நான் சொல்லவில்லை, பார்க்காமல் விடக்கூடாது என்கிறேன்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். பஞ்சைத் திரித்து நுனியைக் கூராக்குங்கள். அம்மா கண்ணை மூடிக்கொள்ளட்டும். முதலில் நல்ல தோலில் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். பிறகு படையின் நடுவில் தொடுங்கள். அங்கே மட்டும் விரல் வராவிட்டால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள், புண்தான் மிஞ்சும்.

இப்போது அந்த டியூப். பெட்டியில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஸ்டீரொய்ட். எதற்குப் பூசினாலும் சிவப்பும் அரிப்பும் அடங்கும், நோய் அடியில் அப்படியே இருக்கும். படர்தாமரைக்குப் பூசினால் தொடையெல்லாம் பரவும், தோல் மெலிந்து வரி விழும். மலைநாட்டு டவுன்களில் வைத்தியர் துண்டில்லாமலே இதை வாங்கிவிட முடிகிறது, கேட்பாரில்லை. வைத்தியர் கண்ணில் படும்போது படை பாதி மறைந்திருக்கும். ஆகவே பூசுவதை இன்றே நிறுத்துங்கள். மஞ்சள், வேப்பிலை அரைத்தும் போட வேண்டாம்.

ஆனால் அந்த வெள்ளை மாத்திரையை அப்படி நிறுத்தாதீர்கள். இதைக் கவனமாகப் படியுங்கள். அது பிரெட்னிசொலோன் என்றால், அதுவும் ஸ்டீரொய்ட்தான். சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து விழுங்கியிருந்தால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரப்பதை நிறுத்தியிருக்கலாம். திடீரென விட்டால் தலைசுற்றல், வாந்தி, இரத்த அழுத்தம் விழுதல் என்று உயிராபத்து வரை போகும். நாலைந்து நாள் மட்டும் குடித்துவிட்டு எப்போதோ விட்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை. இன்னமும் குடிக்கிறார் என்றால் வைத்தியர் படிப்படியாகக் குறைத்துத் தரும்வரை விடக்கூடாது. மாத்திரை அட்டையைக் கட்டாயம் கொண்டு போங்கள். டியூப் காலியாகியிருந்தாலும் அதையும்தான்.

எங்கே போவது? டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டி, தோல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். நுவரெலியா மாவட்ட வைத்தியசாலையிலோ கண்டியிலோ காட்டலாம். "உணர்ச்சி இல்லை" என்ற சொல்லை நீங்களே முதலில் சொல்லுங்கள், அவசர ஓ.பி.டி.யில் யாரும் கேட்கமாட்டார்கள். ஒருநாள் பெயர் (அன்றைய சம்பளம்) போகும், பஸ் காசு போகும். தோல் வைத்தியர் தோட்டத்துக்கே வந்தால் தோட்டத்துச் சனத்துக்கு இந்த அலைச்சல் இருக்காது. 1995இல் இலங்கையில் தொழுநோய் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே வந்தது, இனி அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்றார்கள். அதன் பிறகும் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் புது நோயாளிகள் வருகிறார்கள், ஆனால் தேடிப் போய்ப் பார்க்கிற வேகம்தான் குறைந்துவிட்டது.

கிளினிக்கில் கையை வெட்டுவதெல்லாம் இல்லை. இடம் மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீற்றர் அகலத் தோல் எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். காது மடலில் சின்னக் கீறலிட்டும் பார்ப்பதுண்டு. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு எடுப்பதில்லை.

லேசர்காரருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். என்ன நோய் என்றே தெரியாத படையை எரித்தால் தழும்புதான் வரும், தொழுநோயாக இருந்தால் நரம்பில் இருக்கும் கிருமி போகாது. வாசலில் நின்று "நம்பர் எடுத்துத் தாறேன்" என்பவரும் வேண்டாம். ஓ.பி.டி. துண்டு இலவசம். தனியாரில் காசு கட்டி வைத்தியரைச் சனல் பண்ணுவதானாலும் நீங்களே போன் போடலாம். அங்கே போனாலும் தொழுநோய் என்றால் அரசாங்க கிளினிக்குக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்தை (பல மருந்து சேர்ந்தது) அரசாங்க கிளினிக்கில்தான் இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

நோய் உறுதியானால் படைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 6 அல்லது 12 மாத மருந்து. இந்தக் கூட்டு மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை வெகு சீக்கிரம் போய்விடும். அம்மாவின் தட்டைப் பிரித்து வைக்க வேண்டாம், கொழுந்து மலைக்கு அனுப்பாமல் நிறுத்தவும் வேண்டாம். ஒரே லயக் காம்பராவில் இருக்கிற எல்லாரும் ஒருதரம் தோலைக் காட்டிவிட வேண்டும். சிறுநீர் சிவந்து போனால் பதறாதீர்கள், மருந்தின் நிறம் அது. படை திடீரெனச் சிவந்து வீங்கினாலோ, விரல் மடங்கிப் பலம் குறைந்தாலோ, புது மருந்தை ஏற்காமல் உடம்பெல்லாம் தடித்தாலோ, அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே போய்விடுங்கள்.