பக்கத்துக் கட்டில்காரரின் வயது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுபவர்களில் ஏழைகள்தான் கூடுதல் என்று பிரித்தானியாக் கணக்கொன்றை வைத்துப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. மூச்சு முட்டி இரவோடிரவாகக் கொண்டுபோன அப்பப்பாவுக்குத் துணையாக நான்கு நாள் வாட்டில் நின்றேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 81. பக்கத்துக் கட்டிலில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வந்த ஒருவர், அவருக்கும் எண்பது இருக்கும். சுற்றிவர எல்லாரும் வயதானவர்கள்தான். பணக்காரனுக்கும் வயது போகும்தானே? போதாததற்கு இங்கே வைத்தியம் இலவசம். பிரித்தானியாக் கணக்கைக் கொண்டுவந்து எங்கள் ஊருக்குப் பொருத்துவது சரியா?

க., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

அப்பப்பாவுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கண்டதில் பிழையில்லை. அவசர அனுமதியில் வயதுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நிறைய வருவார்கள். பள்ளிக்கூட வயதில் அது நன்றாகத் தணியும். நடுவயதில் மெல்ல ஏறத் தொடங்கி, எழுபதுக்கு மேல் மரம் ஏறுவதுபோல் ஏறும். இதை நான் அந்தக் கட்டுரையில் சொல்லாமல் விட்டது என் பிழை.

ஆனால் பணக்காரனுக்கும் வயது போகும்தானே என்று கேட்டீர்களே, அந்த இடத்தில்தான் சிக்கல். போகும். எந்த வேகத்தில் போகும்?

இங்கிலாந்தில் நாட்டைச் சராசரியாக 1,500 பேர் கொண்ட சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், வீட்டு வசதி, குற்றம், சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் கூட்டி ஒவ்வொரு துண்டுக்கும் மிக வறியதிலிருந்து மிக வசதியானது வரை ஒரு வரிசை எண் கொடுக்கிறார்கள். நோயாளியின் முகவரி தெரிந்தால் அவர் எந்த வரிசையிலிருந்து வருகிறார் என்பதும் தெரிந்துவிடும். பிறகு ஐம்பது வயதுக்காரரை ஐம்பது வயதுக்காரரோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் வறிய பகுதிக்காரர்தான் கூடுதலாக அவசரப் பிரிவுக்கு வருகிறார். ஸ்கொட்லாந்தில் 17 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2012இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. ஒருவருக்கே இரண்டு மூன்று நீண்டகால நோய்கள் சேர்ந்து வருவது, மிக வசதியான பகுதிகளைவிட மிக வறிய பகுதிகளில் 10 முதல் 15 வருடம் முந்தியே தொடங்கிவிடுகிறதாம்.

இன்னொன்று. அங்கே வறிய பகுதிகளில் வயதானவர்கள் ஒப்பீட்டளவில் குறைவு. வயதைப் பிரிக்காமல் மொத்தத் தலையை மட்டும் எண்ணினால் வறுமையின் பங்கு சிறுத்துத் தெரியும். வாட்டில் நின்று பார்க்கும் எங்கள் கண்ணும் அப்படித்தான் எண்ணுகிறது.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். பிரித்தானியாவின் எண்ணை இங்கே பொருத்தக் கூடாது என்பதில் உங்களோடு நான் ஒத்துப்போகிறேன். பொருத்த வேண்டியது அவர்கள் எண்ணிய முறையை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதற்கும் வறுமை 4.1 வீதம், மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 11.3 வீதம். அந்த 11.3இலும் நகரமும் படுவான்கரையிலுள்ள வெல்லாவெளியும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையையும் மேற்கேயுள்ள படுவான்கரையையும் பிரித்து, வயதையும் பிரித்து எண்ணினால்தான் உண்மை தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது போடும் டிக்கெட்டில் வயதும் எழுதுகிறார்கள், முகவரியும் எழுதுகிறார்கள். எண்ண ஆள்தான் வேண்டும்.

என் பெரியம்மாவும் படுவான்கரைதான். சீனி வருத்தம் (நீரிழிவு). கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சுவரில் கொழுவி வைத்திருந்தா. நாங்கள் அதை விரித்துப் பார்த்தபோது கடைசித் திகதி போட்டு ஏழு மாதம். அது வேளாண்மை வெட்டுக் காலம். கிளினிக் என்றால் விடியமுன் வெளிக்கிட்டு, நம்பர் எடுத்து, குளிசை வாங்கித் திரும்ப மத்தியானம் கடந்துவிடும். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. சீனி வருத்தம் நோகாது, பசி நோகும். அதனால் அந்த மாதம் வயல் வட்டைக்குப் போனா, அடுத்த மாதமும் போனா. சீனியால் மரத்துப்போன, செருப்பில்லாத காலில் கட்டை குத்தியதுகூடத் தெரியவில்லை. குத்திய மூன்றாவது கிழமை காய்ச்சலும் பிதற்றலுமாக நடுச்சாமத்தில் ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

அங்கே டிக்கெட் எழுதியவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “எழுபது என்று போடட்டா?” என்று கேட்டார். அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். 58.

அன்றிரவு எங்களிடம் யாரும் ஒரு சதம் கேட்கவில்லை. அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இலவசமாகக் கிடைத்தது கட்டில். அந்தக் கட்டிலுக்கு வராமலிருக்க அவவுக்குத் தேவைப்பட்டது மாதம் ஒரு நாள் கூலியும் ஒரு சோடிச் செருப்பும். 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தபின் பாதைக்கு (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு) காத்துக்கிடக்கும் பாடு போய்விட்டது. இப்போது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வாசலுக்கே வருகிறது, அதற்கும் காசில்லை. (இவற்றால் அவசர அனுமதி கூடினால் அதைக் கெட்ட செய்தி என்று எடுத்துவிடாதீர்கள். முந்தி வழியிலேயே செத்தவர்கள் இப்போது கணக்குக்குள் வருகிறார்கள்.) ஆனால் அம்புலன்ஸ் கிளினிக்குக்குக் கூட்டிப்போகாது.

உங்கள் அப்பப்பாவுக்கு ஓய்வூதியம் வருகிறது, கிளினிக்குக்குக் கூட்டிப்போகப் பேரன் இருக்கிறீர்கள். 81 வயதில் அவர் அந்தக் கட்டிலுக்கு வந்ததற்கு வயதுதான் காரணம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

பக்கத்துக் கட்டில்காரருக்கும் எண்பது இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா, முகத்தைப் பார்த்துச் சொன்னீர்களா?

அன்புடன்,
அக்கா