பத்துக்கு ஆறு

அன்புள்ள ஐயா,

எனக்கு 43 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. சிறுவயதில் அப்பா குடித்துவிட்டு வந்தால் அம்மாவையும் என்னையும் பெல்ட்டால் அடிப்பார். இரவில் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அடி உண்டா என்று எனக்குத் தெரிந்துவிடும். இப்போது அவருக்கு 74 வயது. குடியை எப்போதோ விட்டுவிட்டார். என் மகளுக்குத் தலைவாரிப் பூ வைத்துவிடுகிறார். "அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்கிறார் அம்மா.

மேலாளர் கதவைச் சாத்தினால்கூட எனக்கு இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது. தூக்கம் சரியில்லை. ஓயாத நெஞ்செரிச்சல். சிறுவயதுத் துன்பங்களை அளக்கும் கேள்வித்தாள் ஒன்றை இணையத்தில் நிரப்பினேன்; பத்துக்கு ஆறு வந்தது. ஆயுள் குறையும் என்று போட்டிருந்தது. சென்ற வாரம் சாப்பிடும்போது தண்ணீர் எடுக்கக் கையை நீட்டினேன். ஏழு வயது மகள் சட்டென்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளை இரண்டு முறை அடித்திருக்கிறேன். நானும் அவராகிவிட்டேனா? அப்பாவிடம் இதையெல்லாம் கேட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த ஆறை முதலில் இறக்கி வையுங்கள். அந்தக் கேள்வித்தாளுக்கு ஒரு கதை இருக்கிறது. 1980களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் எடைக்குறைப்புச் சிகிச்சை நடத்திவந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். காரணம் தேடி ஒவ்வொருவராக விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பருத்த உடம்பு இருந்தால் யாரும் நெருங்க மாட்டார்கள் என்ற நிம்மதி சிலருக்கு. மருத்துவர் நோய் என்று நினைத்ததை நோயாளி மருந்தாக வைத்திருந்தார்.

பிறகு அவரும் ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவரும் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டு ஆய்வு நடத்தினார்கள். நீங்கள் நிரப்பிய கேள்வித்தாள் அதிலிருந்து வந்ததுதான். 1998இல் முதல் கட்டுரை வந்தது. நான்கு வகைத் துன்பங்களோ அதற்கு மேலோ பட்டவர்களிடம் குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் பல மடங்கு அதிகம் இருந்தன. ஆனால் இது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஒருவரின் கதி என்ன என்று சொல்ல இந்த மதிப்பெண் உதவாது என்று 2020இல் ஆண்டாவே எழுதிவிட்டார். ஒருமுறை தழும்பு விழ அடிவாங்கியவருக்கும் பத்து வருடம் அடிவாங்கியவருக்கும் அதில் ஒரே புள்ளிதான். வாத்தியாரின் பிரம்புக்கும், சாதியைச் சொல்லி வைத ஊருக்கும், போருக்கும் அந்தப் பத்தில் இடமே இல்லை. இதை வைத்து ஆயுள் சொல்கிறவரைக் கிளி ஜோசியருக்கு மேல் மதிக்க வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது எடைக்குறைப்புக் கதைதான். ஸ்டாண்ட் சத்தத்தில் ஆபத்தைப் படித்த பையன் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அன்று அவனைக் காப்பாற்றியது. பயத்தில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரப்பது எல்லா உடம்புக்கும் உள்ளது. வளரும் வயதில் இரவுக்கு இரவு அதுவே நடந்தால், சின்னச் சத்தத்துக்கும் துள்ள உடம்பு பழகிவிடுகிறது. சைக்கிள் போய்விட்டது, காவல் மட்டும் நிற்கவில்லை. மேலாளரின் கதவுக்கு வியர்ப்பது அதனால்தான், கோழைத்தனத்தால் அல்ல.

இது மாறுமா? ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரின் குழு நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தது. வறுமை, குடி, சண்டை எல்லாம் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நன்றாகவே தேறினார்கள். அவர்களுக்குப் பாட்டியோ ஆசிரியரோ, நம்பிக்கையான ஒரு பெரியவராவது பக்கத்தில் இருந்தார். எனக்கு இதைவிடப் பிடித்தது, பதின்வயதில் தடம் புரண்ட பலரும் முப்பது, நாற்பது வயதில் சரியானார்கள் என்பது. விட்ட படிப்பைத் தொடர்ந்தது, நல்ல துணை அமைந்தது என்று சாதாரணக் காரணங்கள்தான்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு முறை என்பது உங்கள் கணக்கு. அவளுடைய கணக்கை அந்தக் கைகள் காட்டிவிட்டன. அடிவாங்கியவர்கள் எல்லாரும் அடிக்கிறவர்களாவதில்லை. நீங்கள் தொடங்கிவிட்டீர்கள், நிறுத்த வேண்டும். இன்றே அவளிடம், "நான் அடித்தது தப்பு, இனி அடிக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். "ஆனால் நீயும்" என்று வால் சேர்க்காதீர்கள். முருங்கையை ஒடித்தும் பிள்ளையை அடித்தும் வளர்க்கச் சொன்ன ஊரில் அப்பா மன்னிப்புக் கேட்பது வழக்கமில்லைதான். கேளுங்கள். கோபம் தலைக்கேறினால் அறையைவிட்டு வெளியே போய்விடுங்கள். அதை மனைவியிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அப்பாவிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. "எனக்கு ஞாபகமில்லை" என்று அவர் சொன்னால் தாங்க முடியும் என்றால் கேளுங்கள். பூ வைக்கிறார் என்பதற்காகப் பெல்ட்டை மறக்க வேண்டியதில்லை. அம்மா சொல்வதையும் நான் ஏற்கவில்லை. எல்லா வீட்டிலும் நடந்ததென்றால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் நடுங்கினார்கள் என்று அர்த்தம்.

14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். தூக்கமின்மையில் தொடங்குங்கள், மற்றவற்றை அவர்களே கேட்பார்கள்.

நெஞ்செரிச்சலை மட்டும் அவசரப்பட்டு அப்பா கணக்கில் எழுதிவிடாதீர்கள். அதற்கு ஒரு மருத்துவரைப் பாருங்கள். இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை.