முகாமுக்கு முன் காசோலை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் பதிவு பெற்ற நற்பணிச் சங்கம் ஒன்றை 12 ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். மாலை நேர வகுப்பு, ரத்ததான முகாம், கோடையில் குளத்தைத் தூர்வாருதல் என்று வேலைகள் நடக்கின்றன. தொடக்கம் முதல் நானே செயலாளர். இளைஞர்கள் கூப்பிட்டால் வருகிறார்கள். பந்தல் போடுகிறார்கள், நன்கொடை வசூலிக்கிறார்கள். பொறுப்பை ஏற்கச் சொன்னால் நழுவுகிறார்கள். எனக்கு 64 வயதாகிறது. இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சி முகாம் நடத்த எண்ணியிருக்கிறேன். யாரைப் பேச அழைக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பேச்சாளர்களுக்கு நம்மிடம் எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். சங்கத்தின் காசோலையில் கையெழுத்துப் போடுவது யார்? நீங்களும் உங்கள் வயதையொத்த பொருளாளரும் என்றே ஊகிக்கிறேன். ரசீதுப் புத்தகத்துடன் வீடு வீடாக அலைவது இளைஞர்கள், செலவைத் தீர்மானிப்பது நீங்கள் என்றால், பொறுப்பு என்று நீங்கள் நீட்டுவது இன்னொரு வேலையைத்தான். நழுவுகிறவன் விவரமானவன்.

அகமதாபாத்தின் சேவா அமைப்பைப் பாருங்கள். தலைச்சுமைக்காரர்கள், காய்கறி விற்பவர்கள் போன்ற பெண் தொழிலாளர்களுக்காக 1972இல் இலா பட் தொடங்கிய சங்கம் அது. 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குத்தொகை போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியை உருவாக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று அதிகாரிகள் தயங்கினார்கள். பதிவுப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டிய பெண்கள் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள். பயிற்சி முகாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கையெழுத்திடும் இடம் முதலில் வந்தது, பயிற்சி பிறகு வந்தது. இலா பட் 1996இல் பொதுச் செயலாளர் பதவியை விட்டு விலகினார், 2022இல் மறைந்தார். சங்கம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் தெருவிலேயே மகளிர் சுய உதவிக் குழு இருக்கும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் எல்லோர் முன்னிலையிலும் பணத்தை எண்ணி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதை ஒரு நாள் பார்த்துவிட்டு வாருங்கள். பேச்சாளருக்கான செலவு மிச்சம்.

இன்னொன்று. உங்கள் மாலை வகுப்பில் பாடம் நடத்துவது யார் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான ஊர்களில் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள்தான். எந்தப் பையன் படிப்பை நிறுத்தப் போகிறான் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பந்தல் போடுகிறவர்கள் உங்கள் கண்ணில் பட்ட அளவுக்கு இவர்கள் படவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். வகுப்புக்கான ஓராண்டுப் பணத்தை அவர்களில் இருவரிடம் கொடுங்கள். கரும்பலகையைக் கூடுதல் விலைக்கு வாங்கிவிடுவார்கள், ஒன்றிரண்டு ரசீதுகள் தொலையும். அதையெல்லாம் பொதுக்குழுவில் கேளுங்கள். நடுவில் தொலைபேசியில் அழைத்து விசாரிக்காதீர்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் ஒரு தடவைக்கு மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி வருவதற்குத் தடையில்லை என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நம் ஊர்ச் செயலாளர்கள் பலர் நிரந்தரமாகிவிடுகிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் உங்கள் பெயரை யாராவது முன்மொழிவார்கள். மறுத்துவிடுங்கள். கையெழுத்தை மாற்ற வங்கியில் தீர்மான நகல் கேட்பார்கள். நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளர் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இவை முடிந்த பிறகு முகாமை வைத்துக்கொள்ளலாம். யாரை அழைப்பது என்பதைப் புதிய குழு முடிவு செய்யட்டும்.